ஒரு பக்க ஒப்பந்தம்

ஹீயுமா தீவு. அடுப்படி மேசையில் ஒரே தாள்.
வாடகை கிடையாது என்று தொடங்கினேன்.
பதிலுக்கு வாரம் எட்டு மணி நேர வேலை:
கூரையில் பனி சேரவிடக் கூடாது,
குழாய் உறையாதபடி
இரவெல்லாம் அடுப்பில் கனல் இருக்க வேண்டும்.
விலகுவது யாரானாலும்
முப்பது நாள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

உர்மாஸ் விரல் வைத்து வாசித்தார்.
"விருந்தாளிகள் தங்கக் கூடாது"
அங்கே விரல் நின்றது.

"மாதம் ஒரு சனிக்கிழமை மகள் வருவாள்.
நீதிமன்றம் கொடுத்த நாள்."

அடிக்க மனமில்லை. ஓரத்தில் எழுதினேன்:
லீசி விருந்தாளி இல்லை.
"வயதையும் போடுங்கள்" என்றார்.
ஒன்பது.

கையெழுத்து, தேதி, சாவி.
படகு கரையை விட்ட பிறகுதான் உறைத்தது:
மாடியறைக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை.
அதற்கு முட்டுக்கொடுக்கும் செங்கல்லை
வெளிக்கதவுக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.