வைப்பர்

ஷார்ஜாவில் எல்லாம் பார்த்தோம்.
கியர் ஆயில், பெல்ட், டயர் பிறந்த வாரம்,
பானட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப்
பீர்க்கண்ணு தேடிய பழைய விபத்து.
விற்ற எகிப்துக்காரர் நானூறு திர்ஹம் குறைத்துவிட்டு
ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டார்,
காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

ஏற்றுமதி நம்பர் பிளேட்.
எல்லையில் ஓமான் இன்சூரன்ஸுக்கு ஒரு வரிசை.
அதற்கப்புறம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
திரும்ப வேண்டிய தேவையே இல்லாத சாலை.
ஷார்ஜா ரேடியோ இரைந்து இரைந்து
எங்கோ விட்டுப்போனது.
ஹைமா பங்கில் பெட்ரோல் போட்ட பையன் கேட்டான்,
"புதுசா?"
"எனக்குப் புதுசு."
இருட்டிய பின் அறுபதைத் தாண்டவில்லை.
"ஒட்டகம் வந்தா அதுக்குத்தான் வழி"
என்றான் பீர்க்கண்ணு, தூக்கத்தில்.

விடிந்து, தும்ரைத் தாண்டி மலை இறங்கும்போது
கண்ணாடியில் ஒரு பொட்டு.
பிறகு ஒன்பது.
கரீஃப்!
சலாலா வந்துவிட்டது என்று மூக்குக்குத் தெரிந்தது.
வைப்பரைத் தட்டினேன்.
எட்டு வருஷ வெயிலில் வெந்த ரப்பர்
கருவாட்டுத் தோலாக உரிந்து
கண்ணாடி முழுக்க மையை இழுகியது.

மழைக்குச் சோதித்து வாங்க
ஷார்ஜாவில் யாருக்குத் தோன்றும்?

நாலு லைட்டும் சிமிட்ட
பீர்க்கண்ணு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு
மேகத்துக்குள் உருட்டினோம்.
"லெஃப்டு. லெஃப்டுடா. மாடு."
பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்காமல்
கடைசிவரை கூடவே வந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த ரோஸ்லின்
காரைச் சுற்றிப் பார்க்கவில்லை.
துண்டை என் தலையில் போட்டுவிட்டுக் கேட்டாள்,
"கார்லதானே வந்தீங்க?"