ஓம்

பொகவந்தலாவையில் மடித்த ஸ்வெட்டர்
ஏழு வாரமாய்ப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.
வாடகை அறையில் ஒரு ஃபேன்,
மூன்றில் வைத்தால் மட்டும் சுற்றும்.
வார்டில் நான் "ஆமாங்க" என்றால்
யாராவது சிரிப்பார்கள்.

குளவி கொட்டினால் என்ன செய்வதென்று
படிப்பதற்கு முன்பே தெரியும் எனக்கு.
நேற்றிரவு ஒன்றரைக்கு
மூதூரிலிருந்து வந்தவன் காலில்
திருக்கை முள்.
நாலு வருசப் பட்டப்படிப்பில்
கடலைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை.
"சுடுதண்ணி, மிஸி, சுடுதண்ணி!"
அவனே கத்தினான்.
வாளிக்குள் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன்,
குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி.
கால் அமிழ்ந்ததும்
வைதான், அழுதான், உறங்கிவிட்டான்.
பெயர் சப்ரின். என்னைவிட இரண்டு வயது இளையவன்.

விடிய வெளியே வந்தால்
சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு மான்
யாருடையதோ கிளினிக் கொப்பியைத் தின்கிறது.
விரட்ட ஆளில்லை.
நானும் விரட்டவில்லை.

அம்மா கோல் எடுத்தாள்.
கொழுந்துக்கு ஏறுகிற நேரம், மூச்சு வாங்குகிறது.
"சாப்பிட்டியா?"
"ஓம்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மழை மட்டும் கேட்டது.
"யாரு பேசுறது?" என்றாள்.