ஷ-லா-லா

கணேசபுரம் சப்வேல
தண்ணி வடிஞ்ச மறுநாள்தான் எதிரொலி சுத்தமா வரும்.
மெல்வின் மேல, நார்பர்ட் நடுவுல,
தயாளன் எங்க இடம் கெடைக்குதோ அங்க.
நான் அடியில.
எனக்கு இங்கிலீஷ் வராது.
டூம், டூம் போதும்னாங்க.
தலைக்கு மேல கூட்ஸ் வண்டி போனா
அதோட சுதி சேத்துக்குவேன்.

அந்தப் பாட்ட மெல்வின் ஒரே ராத்திரியில எழுதினான்,
கேரேஜ் ஒர்க்ஸ் ஷிப்ட் சீட்டுக்குப் பின்னால, கிரீஸ் கையோட.
மூணாவது அடியில அவ பேரு.

ரயில்வே இன்ஸ்டிட்யூட், கிறிஸ்மஸ் டான்ஸ்.
மேடை ஏறினா மொத வரிசைல அவ அண்ணன்.
பாக்ஸர். கையில இன்னும் கட்டு அவுக்கல.
பேரு வர்ற எடத்துல
மெல்வின் எச்சில முழுங்கி
ஷ-லா-லான்னான்.
கூட்டம் அதத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுது.

அவ பெர்த்துக்குக் கப்பல் ஏறிட்டா.
அப்புறம் பெரம்பூர்ல எத்தினி கல்யாணம்,
எத்தினி மாப்பிள்ளைங்க கூட சேந்து பாடினாங்க,
ஷ-லா-லா.
என்னா அர்த்தம்னு ஒருத்தன் கேட்டான்.
பிரியாணி ஆறுது, சாப்டுன்னான் தயாளன்.

ஒண்ணு மட்டும் மெல்வின்கிட்ட நான் சொல்லல.
அன்னிக்கு அந்தப் பேரு விட்டுப்போவல.
நான் பாடினேன், டூமுக்கு அடியில.
கீழ்க்கொரல்ல
யாரும் வார்த்தை தேடறதில்ல.