நூற்றுக்கு ஒன்று

இருபத்தொன்பது அங்குலச் சில்லைக் கழற்றி
முப்பத்துமூன்று பூட்டினேன்.
வண்டி நிமிர்ந்தது. இழுவை செத்தது.
உன்னிச்சைக் குளக்கட்டு ஏற்றத்தில்
இரண்டாம் கியரிலும் மூச்சு வாங்கிற்று.

அதைவிட மோசம் மீட்டர்.
அது நூறு என்றால்
ஓடியது நூற்றுப் பதினாலு.
கந்தோர் மீட்டருக்குத்தான் காசு தரும்.
நாலு மாதம் சேற்றுக்குச் சும்மா உழைத்தேன்.

ஓட்டமாவடி கராஜில் இஸ்ஸதீன்
மட்கார்ட்டில் சோக்கால் பெருக்கி வகுத்தான்:
நாலு தசம் ஆறு ஏழு வேணும்.
கிடந்ததோ
கிரானில் கவிழ்ந்த வண்டியொன்றின் கிறவுண், முப்பத்தேழு பல்லு;
பினியன், எட்டு.
"மயிரிழை குறையும். பூட்டவா?"

இப்போது ஏறுகிறது.
நூற்றுக்கு ஒரு கிலோமீட்டர் மட்டும்
இன்னும் எதிலும் பதிவதில்லை.
அதை எங்கே ஓடினாயென்று
கந்தோரும் கேட்காது,
புஷ்பராணியும்.