பரப்பில் குறைவில்லை

கீழப்புலியங்குளம், மேலூர் வட்டம்.
புல எண் நூற்றுப் பதினேழு.
'அ' பதிவேட்டில் ஒற்றை வரி:
பாறை, அரசுப் புறம்போக்கு, தீர்வை இல்லை.

ஜமாபந்தியில் அழகுமீனாள் கொடுத்த மனு
நாலு மேசை தாண்டி என்னிடம் வந்தது.
"எங்கள் ஊர் மலையைக் காணவில்லை.
கண்டுபிடித்துத் தரவும்."
ஓரத்தில் தாசில்தாரின் பச்சை மை:
நில அளவர் அளந்து அறிக்கை தருக.

பெரியாற்றுக் கால்வாயில் இன்னும் தண்ணீர் விடவில்லை.
ஷட்டர் பல்லில் ஓணான்.
மேற்கே அழகர்மலை யாருடைய மனுவிலும் இல்லாமல்
நீலமாய் நிற்கிறது.
கிராம உதவியாளர் வீரணன் சொல்கிறார்:
"இங்கிட்டு நில்லுங்க மேடம்,
நாலு மணிக்கெல்லாம் மலை நெழல் வந்துரும்."
மணி நாலரை.
சொன்ன வாய் மூடாமல் அவரும்
தொப்பி மறந்த நானும்
வெயிலில் நிற்கிறோம்.

எதிரே குழி.
கல்லை விட்டெறிந்தால், சத்தம் வருவதற்குள்
ஊர் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்.

எல்லைக்கல் தொட்டு எல்லைக்கல் வரை அளந்தேன்.
நம்பாமல் எதிர்த்திசையில் அளந்தேன்.
பதினான்கு ஹெக்டேர் அறுபத்திரண்டு ஏர்.
புலப்படத்திலும் அதே பதினான்கு, அறுபத்திரண்டு.
சாண் குறையவில்லை.
கணக்குப்படி மலை இங்கேதான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் அனுப்பிய அளவரும்
இதே மூலையில் சங்கிலி விரித்திருப்பார்,
முள் குத்தியிருக்கும், வைதிருப்பார்,
உயரத்தை அவரும் எழுதவில்லை.
எழுதக் கட்டம் வேண்டுமே.

அவருக்கும் முன்னால் யாரோ ஓர் அரசன்
ஊரைத் தானம் கொடுத்தபோது
நான்கு எல்லையும் சொல்லிவிட்டு,
மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் என்று
மேலும் கீழும் சேர்த்துத்தான் வெட்டச் சொன்னானாம்.
அந்த எழுத்து இந்தப் பாறையில்தான் இருந்தது என்கிறார் வீரணன்.
இப்போது எந்த ஊர்ச் சமையல் மேடையில்
எழுத்து கீழே, மெருகு மேலே எனக் கிடக்கிறதோ.

கண்மாய்க் கரையில் அழகுமீனாள் வந்து நின்றாள்.
ஆடு ஒன்று எல்லைக்கல்லில் முதுகு தேய்த்தது.
"அளந்தாச்சா?"
"பரப்பு சரியா இருக்கும்மா."
சிரித்தாள். கோபமாக இருந்திருந்தால்
பதில் சொல்லியிருப்பேன்.

"மலையில பேஞ்சது கம்மாய்க்கு வரும்.
கம்மாய் நெறஞ்சா கலுங்கு தாண்டி அடுத்த ஊருக்கு.
இப்பப் பேயுறது பூராம் குழிக்கு.
அதையும் அளந்தீகளா?"

ஆட்டை விரட்டிவிட்டு எல்லைக்கல்லைத் தட்டினாள்.
"இந்தக் கல்லும் அந்த மலையில ஒடச்சதுதான்.
ஊருல ஒவ்வொரு வரப்புலயும் ஒண்ணு நிக்கிது.
எண்ணிக்கங்க. மிச்சம் அவ்வளவுதான்."

இரவு, வட்டாட்சியர் அலுவலகம்.
பளபளக்கும் கருங்கல் தரையில்
டியூப்லைட் தலைகீழாக எரிகிறது.
செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: பரப்பில் குறைவில்லை.
குறிப்பு என்ற கட்டம்
விரலகலம்தான் இருக்கிறது.
நாலரை மணி வெயில், என்று எழுதினேன்.
திருப்பி அனுப்புவார்கள்.