கையெழுத்துக்கு முன்

எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள், துவோமோ.
சில்லென்று இருக்கிறதா?
நீங்கள் வருமுன் கிளப்பிச் சூடாக்கி வைக்கவில்லை.
எனக்கு விற்றவன் வைத்திருந்தான்.
குளிர்ந்து கிடக்கும்போதுதான் வண்டி உண்மை பேசும் என்பது
அன்று எனக்குத் தெரியாது,
சிவப்பை மட்டும்தான் பார்த்தேன்.

சாவியைத் திருப்புகிறேன். பின்னால் போய் நில்லுங்கள்.
நீலமாய் ஒரு மூச்சு வந்ததா?
வரும். நாலைந்து நொடி.
அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் உறுமிக்கொண்டிருக்கும்.
எண்ணெய் குடிக்கிறது,
ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்.
பெட்ரோல் பங்கில் மற்றவர்கள் காபி வாங்கப் போகும்போது
நீங்கள் அளவுகோலை உருவித் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.
பழகிவிடும்.

டர்போ என்றால் பெரிய மர்மம் இல்லை.
வெளியே போகிற புகையை வழிமறித்து
வேலை வாங்கும் ஒரு சின்னக் காற்றாடி.
நான் ஷிப்டு பார்க்கும் இடத்திலும் அதே கதைதான்,
லாஹ்தியின் குப்பையை எரித்து
லாஹ்தியின் வீடுகளுக்கே வெந்நீர் அனுப்புகிறோம்.
வீணாய்ப் போவதிலிருந்து வேகம்.
அந்த ஆசையில்தான் விழுந்தேன்.

இதோ ரசீதுக் கோப்பு. தடிமனைப் பார்த்துப் பயப்படாதீர்கள்,
மெலிந்த கோப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.
காற்றாடியின் அச்சு தேய்ந்து புதிது போட்டது
ஆயிரத்து நானூற்றிருபது யூரோ.
அந்த நவம்பர் முழுக்க எனக்கு ரை ரொட்டியும் ஊறவைத்த மீனும்.
கிளட்ச், தொள்ளாயிரத்து எண்பது.
டைமிங் பெல்ட், கூடவே தண்ணீர் பம்ப்.
இல்போ சொன்னான்:
"பெல்ட் அறுந்தபின் வந்தால் நான் மெக்கானிக் இல்லை, பாதிரியார்."
ரப்பர் குழாய் ஒன்று, வெறும் முப்பத்தெட்டு.
அதிலிருந்த மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க மூன்று நாள் கூலி.
அதுவரை மேடேறும்போதெல்லாம்
ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.
கதவுக்குக் கீழே, இங்கே, விரலை விடுங்கள்.
குளிர்காலச் சாலை உப்பு தின்ற இடம்.
ஆண்டுச் சோதனையில் இரண்டு தடவை தோற்றது அதனால்தான்.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்.
இது ஓடினாலும் தின்னும், நிறுத்தினாலும் தின்னும்.
பிறகு ஏன் ஆறு வருடம் வைத்திருந்தீர்கள் என்கிறீர்கள்.
ஏறுங்கள். நீங்களே ஓட்டுங்கள்.

இருங்கள், ஊசி நடுவுக்கு வரட்டும்.
எண்ணெய் சூடேறுமுன் மிதிக்கக் கூடாது.

ஹெய்னோலா சாலை. மூன்றாவது கியர்.
இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று வரை ஒன்றுமில்லை,
வெறும் பழைய கார்,
அப்புறம்
முதுகில் ஒரு கை.
பிர்ச் மரங்கள் கோடுகளாகிவிட்டன.
சிரிக்கிறீர்கள்.
நானும் அப்படித்தான் இளித்துக்கொண்டிருந்தேன்,
அபராதச் சீட்டு எழுதியவர் முகத்துக்கு நேரேயே.

விற்பது என் இடது முழங்காலால்.
இந்தக் கிளட்ச்சை இனி அது ஒத்துக்கொள்ளாது.
இது உண்மை.
முழுசும் இல்லை.

ஏரிக்கரையில் ஓரமாய் நிறுத்துங்கள்.

கோப்பில் ஒரு தாள் குறைகிறது.
நேற்றிரவு கிளிப்பைத் திறந்து நான்தான் உருவினேன்.
சட்டைப்பையில் இருக்கிறது, மடிப்பு நைந்துவிட்டது,
அவ்வளவு தடவை எடுத்தும் வைத்தும்.
எனக்கு விற்றவன் கோப்பிலும் இரண்டு வருடம் காலியாய் இருந்தது.
இந்தாருங்கள். பிப்ரவரியில் இல்போ பார்த்த அழுத்தச் சோதனை.
ஒன்று, இரண்டு, நாலு சிலிண்டர்கள் நன்றாய்.
மூன்றாவது சோர்ந்திருக்கிறது.
இன்னும் ஒரு வருடம் ஓடலாம்.
அடுத்த வெள்ளிக்கிழமை நின்றும் போகலாம்.
பிரித்தால் மூவாயிரத்துக்குக் குறையாது.

படித்துவிட்டீர்கள்.
பணம் இருக்கும் உறையைத் தொடையிலிருந்து நகர்த்தவும் இல்லை,
நீட்டவும் இல்லை.
பேனா மூடியைத் திறக்கிறீர்கள், மூடுகிறீர்கள்.
ஒன்றும் சொல்லாமல் கை சாவிக்குப் போகிறது, அணைக்க.

வேண்டாம்.
ஓடிவந்த காற்றாடி உள்ளே இன்னும்
தணலாய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் கருகும்.
ஒரு நிமிடம் இப்படியே விடுங்கள், துவோமோ,
ஒரு நிமிடம்.