அரை நூல்

முஹர்ரக்கில் ஆகஸ்ட், இரவு மூன்று மணி.
ஹேங்கர் கதவு வழியாகக் கடல் உள்ளே வருகிறது,
அலை இல்லாமல், ஈரமாக மட்டும்.
துடைத்து வைத்த ஸ்பேனர்
திரும்பி எடுப்பதற்குள் வியர்த்திருக்கிறது.

ஐந்து நாற்பதுக்குத் திருச்சி போக வேண்டிய விமானம்.
இடது இறக்கையின் கீழே ரொடெல் மல்லாந்து கிடக்கிறான்.
ஃப்ளாப் கீலிலிருந்து கழற்றிய பழைய போல்ட் ஒரு கையில்,
ஸ்டோரிலிருந்து வந்த புதியது மறு கையில்.
இரண்டையும் தலையோடு தலை ஒட்டி
டார்ச் வெளிச்சத்தில் காட்டுகிறான்.
"இரட்டைப் பிள்ளைகள், மிஸ்டர் சடகோபன். மாட்டிவிடவா?"

சடகோபன் என் அப்பா.
பாஸ்போர்ட்டின் கட்டங்களில் எங்கோ இடம் மாறி
பதினாறு வருடமாக இந்தத் தீவு
அவரைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறது.
சம்பளம் அவர் பெயரில், அபராதம் அவர் பெயரில்,
பல் டாக்டர் கூப்பிடுவதும் அவரைத்தான்.
நான் எழுந்து போகிறேன்.
பழகிவிட்டது. பொருந்திவிட்டது என்றும் சொல்லலாம்.

"பொறு" என்றேன்.
பழையதைப் பார்த்துப் புதியதை எடுப்பது
எல்லோரும் செய்வது.
பழையது சரியென்று யார் சொன்னது?

திரையில் புத்தகத்தைத் திறந்தேன். படம், அம்பு, எண்.
முன்னால் உள்ள எழுத்தெல்லாம் அதே.
கடைசியில் மட்டும், புத்தகத்தில் ஏழு,
ரொடெலின் இரண்டு கையிலும் ஆறு.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே அரை நூல்.
நகம் வெட்டினால் விழுமே, அவ்வளவு.
ஆறு உள்ளே போகும். நட்டு பிடிக்கும்.
டார்க் ரென்ச் 'க்ளிக்' என்று சம்மதம் சொல்லும்.
ஆனால் வழுவழுத்த தண்டு சுமக்க வேண்டிய இடத்தில்
மரை சுமக்கும்,
ஒவ்வொரு தரையிறக்கத்திலும்
துளையைக் கொஞ்சம் கொஞ்சம் ராவிக்கொண்டு.
பொருந்தாத உருப்படிக்கு நான் பயந்ததில்லை,
அது தானே வெளியே நிற்கும்.
பொருந்துகிற தப்புதான்...
பத்துக்கு ஒன்பது என்று சிரித்துக்கொண்டே
ஜோசியர் மடித்துத் தருவாரே, அந்த ஜாதகம்.

ஸ்டோர் ஜன்னலில் நவரத்தினராசா முகம் சுளித்தார்.
"நீங்கள் கேட்ட நம்பரைத்தான் தந்தனான்."
உண்மை. பழையதன் தலையில் பொறித்திருந்ததை
வாசித்துக் கேட்டிருக்கிறான் ரொடெல்.
உள்ளே ஆறும் ஏழும் அடுத்தடுத்த தட்டில்,
ஒரே நீலப் பெட்டியில்.

அப்படியானால் பழைய ஆறை மாட்டியது யார்?
மனதில் ஓர் ஆளைத் தயாராக வைத்திருந்தேன்,
போன வருடம் வேலையை விட்டுப் போன அவசரக்காரன்.
பதிவேட்டில் பின்னால் போனேன்.
அக்டோபர். இதே விமானம், இதே கீல்.
முத்திரை எண் நாற்பத்தேழு.

நாற்பத்தேழு என் சட்டைப் பையில் இருக்கிறது.

அன்று என்ன அவசரம் என்று யோசித்தேன்.
ஒன்றும் நினைவில்லை.
நினைவில் நிற்காத அளவுக்குச் சாதாரண இரவு.
பத்து மாதத்தில் எத்தனை தரையிறக்கம் என்று
கணக்குப் போட ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.

ரொடெல் என்னைப் பார்க்கவில்லை.
டார்ச்சை அணைத்தான். மறுபடி போட்டான்.
ஏழை மாட்டி முறுக்கி மூடினால்
ஐந்து நாற்பதுக்கு முன்பே முடியும்.
கடலும் பக்கத்தில்தான், ஒரு போல்ட் என்ன பெரிய பாரம்.
இதை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

ஜாசிமை எழுப்பினேன்.
துளையை அளக்க வேண்டும்.
வலது இறக்கையையும் திறக்க வேண்டும்.
விமானம் இப்போதைக்குப் போகாது.
அவர் முதலில் தேநீர் கேட்டார்,
பிறகு படிவம் தந்தார்.

ஐந்தரைக்குப் பலகையில்
திருச்சிக்கு நேரே 'தாமதம்' வந்திருக்கும்.
தங்கை கல்யாணத்துக்குப் போகிற எவரோ
வைதுகொண்டிருப்பார். வையட்டும்.
ராசா ஏணி போட்டு ஏறி
ஏழுகளையெல்லாம் அள்ளி எதிர்ச் சுவரில்
மஞ்சள் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்,
யாரும் சொல்லாமலே.

படிவத்தில் 'பிழை செய்தவர்' என்ற கட்டத்தைக்
கணினி தானே நிரப்பியிருந்தது: சடகோபன்.
அவர் விமானமே ஏறியதில்லை.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்,
இளம்பரிதி.

ஜாசிம் வாங்கிப் பார்த்தார்.
"இது யார்?" என்றார்.